கிரேக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்படுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெஸ்ஸலோனிகி நகரில் ஒரு கிரேக்கக் குடும்பத்துக்கு மருமகளாக வந்து 12 வருடங்கள் ஆகின்றன. இங்கே படிக்க வந்த பெண்கள், கிரேக்கப் பெண்ணைக் காதலிக்கும் பையன்கள், ஊரில் கவலையோடு இருக்கும் அம்மாக்கள் என்று யாராவது ஒருவர் அழைத்துக்கொண்டே இருக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். எனக்கு நெருக்கமாகத் தெரிந்தது வடக்கு கிரேக்கம். தீவுகளில் சில வழக்கங்கள் வேறு. அவை வரும் இடத்தில் சொல்கிறேன்.

"கிரேக்கக் குடும்பம் நம்ம குடும்பம் மாதிரியேதான்னு எல்லாரும் சொல்றாங்க. நிஜமா?"

பாதி நிஜம். முதலில் உறவுமுறைச் சொற்களைப் பாருங்கள். சம்பந்திக்கு அவர்களிடம் 'சிம்பெதெரி' என்று சொல் இருக்கிறது. சகலைக்கு 'பட்ஜனாக்கிஸ்', ஓரகத்திக்கு 'சின்னிஃபாதா', வீட்டோடு மாப்பிள்ளைக்கு 'சோகம்ப்ரோஸ்'. ஓர் உறவுக்குத் தனியாக ஒரு சொல் இருந்தால் அந்த உறவுக்குக் கடமையும் உரிமையும் உண்டு என்று நமக்குத் தெரியும். இங்கேயும் அப்படித்தான். மருமகள் 'நீஃபி'. மாமியாருக்கு மட்டுமல்ல, கணவனின் அண்ணன் தம்பிகளுக்கும், சில சமயம் ஊருக்கே அவள் நீஃபிதான்.

ஆனால் நம்மைப் போலவே இருக்கிறது என்று நினைக்கும் இடத்தில்தான் தமிழர்கள் தடுமாறுகிறார்கள். முற்றிலும் புதியதாக இருந்தால் கவனமாக நடப்போம். தெரிந்தது போல இருந்தால் கவனம் போய்விடும். கீழே பல பதில்களில் இது திரும்ப வரும்.

"கல்யாணம் ஆன மகன், மகள் எல்லாரும் ஒரே கட்டடத்தில் இருக்கிறார்களே, ஏன் இப்படி ஒட்டிக்கொண்டு வாழ்கிறார்கள்?"

ஒரு காரணம் கட்டடத்திலேயே இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிரேக்க நகரங்களில் 'அந்திபாரொஹி' என்ற முறை பரவியது. வீட்டுக்காரர் தன் மனையைக் கட்டுநரிடம் கொடுப்பார், பணத்துக்குப் பதில் சில ஃபிளாட்டுகளை வாங்கிக்கொள்வார். நம் ஊரில் ஜாயின்ட் வென்ச்சர் என்கிறோமே, அதேதான். முதல் மாடி பெற்றோருக்கு, இரண்டாவது மகனுக்கு, மூன்றாவது மகளுக்கு என்று பிரித்துக்கொண்ட குடும்பங்கள் ஏராளம்.

இன்னொரு காரணம் பட்ட அடி. 1922இல் சின்ன ஆசியாவில் (இன்றைய துருக்கி) துருக்கியரிடம் தோற்றபின், 1923 லோசான் ஒப்பந்தப்படி நடந்த மக்கள் பரிமாற்றத்தையும் சேர்த்து, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அகதிகளாகக் கிரேக்கம் வந்தார்கள். தெஸ்ஸலோனிகியில் அந்தக் கதை இல்லாத தெரு குறைவு. அப்புறம் 1941 குளிர்காலத்தில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ் பஞ்சம், 1946 முதல் 1949 வரை உள்நாட்டுப் போர், 1960களில் ஜெர்மனிக்கு வேலைக்குப் போன பெற்றோர், பாட்டியிடம் வளர்ந்த பிள்ளைகள். 2010க்குப் பின் வந்த பொருளாதார நெருக்கடியிலும் தாத்தாவின் ஓய்வூதியத்தில் பல வீடுகளில் அடுப்பெரிந்தது. இத்தனை முறை காப்பாற்றியது குடும்பம்தான். அதை நினைவில் வைத்துக்கொண்டால் உங்கள் மாமியாரின் பல கேள்விகள் வேறு மாதிரி கேட்கும்.

"நான் இந்து. சர்ச்சில் கல்யாணம் நடக்குமா? மதம் மாறியே ஆகணுமா?"

ஞானஸ்நானம் பெறாதவருக்கு ஆர்த்தடாக்ஸ் (பெரும்பாலான கிரேக்கர்களின் கிறிஸ்தவப் பிரிவு) தேவாலயத்தில் திருமணம் நடத்தமாட்டார்கள். ஆனால் மதம் மாறாமல் கல்யாணமே முடியாது என்பதில்லை. 1982 முதல் கிரேக்கத்தில் பதிவுத் திருமணம் உண்டு. நகராட்சியில் மேயரோ அவர் சார்பில் ஒருவரோ நடத்திவைப்பார். சட்டத்தின் முன் அதுவும் சர்ச் திருமணமும் ஒன்றுதான்.

சட்டம் சுலபம், பாட்டியின் முகம் சுலபமல்ல. சர்ச்சில் நடக்காத கல்யாணத்தைப் பெரியவர்கள் சிலர் அரைக் கல்யாணமாகவே பார்ப்பார்கள். அவர்களைச் சமாதானப்படுத்துவதற்காக மட்டும் ஞானஸ்நானம் எடுக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. நம்பிக்கை இருந்தால் எடுங்கள். இல்லையென்றால், பதிவுத் திருமணம் முடித்து, வருடா வருடம் ஈஸ்டர் இரவில் அவர்களோடு மெழுகுவர்த்தி ஏந்தி சர்ச் வாசலில் நில்லுங்கள். பாட்டி வேண்டுவது பெரும்பாலும் அதுதான்.

"நாங்கள் கத்தோலிக்கர்கள். அப்போ பிரச்சினை இல்லையே?"

திரித்துவத்தின் பெயரால் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர் ஆர்த்தடாக்ஸ் ஒருவரை அவர்கள் சர்ச்சில் மணக்கலாம். பிள்ளைகளுக்கு ஆர்த்தடாக்ஸ் ஞானஸ்நானம் கொடுப்பீர்களா என்று கேட்பார்கள். அதை உங்கள் பெற்றோரிடமும் பங்குத்தந்தையிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

"எந்த மாதத்தில் தேதி வைப்பது? எங்க வீட்டில் முகூர்த்தம் பார்ப்பார்கள்."

அவர்களுக்கும் ஆடி, மார்கழி உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு, ஆகஸ்ட் முதல் 15 நாட்கள், கிறிஸ்துமஸை ஒட்டிய நாட்கள் ஆகியவற்றில் சர்ச் திருமணம் பொதுவாகக் கிடையாது. லீப் வருடத்தில் கல்யாணம் வேண்டாம் என்பவர்களும் உண்டு. அது சர்ச் விதியல்ல, வெறும் நம்பிக்கை. பங்குனியில் முகூர்த்தம் பார்த்தால் நோன்புக் காலத்தில் மாட்டிக்கொள்ள நிறைய வாய்ப்பு. ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் நம் ஊர் கிறிஸ்தவர்களின் ஈஸ்டரோடு சேர்ந்து வரவேண்டியதில்லை. 2024இல் அது மே 5 அன்று வந்தது. முதலில் ஈஸ்டர் தேதியைப் பாருங்கள், அப்புறம் பஞ்சாங்கம்.

"சர்ச் கல்யாணத்தில் என்னதான் நடக்கும்? அம்மா அப்பா என்ன செய்யணும்?"

கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு புதுக் கட்டில் தயாராகும். கல்யாணமாகாத பெண்கள் விரிப்பு விரிப்பார்கள். உறவினர்கள் அதன்மேல் பணமும் பூவிதழும் போட்டு, ஒரு குழந்தையைத் தூக்கி உருட்டிவிடுவார்கள். உங்கள் வீட்டுச் சித்தி, அத்தைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். மொழியே தேவைப்படாத சடங்கு இது.

கல்யாணத்தன்று மாலை மாப்பிள்ளை பூங்கொத்தோடு சர்ச் வாசலில் காத்திருப்பார், பெண்ணை அப்பா கூட்டிவருவார். அதற்குப் பிறகு பெற்றோருக்கு வேலையில்லை. முன்னால் நின்று பார்க்க வேண்டியதுதான். கையைப் பிடித்துக் கொடுக்கவோ தாரை வார்க்கவோ இடமில்லாதது என் அப்பாவுக்குக் குறையாகவே இருந்தது. அதை முன்னாலேயே சொல்லிவைப்பது நல்லது. மணமக்களும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள், உறுதிமொழி கிடையாது. மோதிரம் மூன்று முறை மாறும், வலது கையில் போடுவார்கள். பிறகு 'ஸ்தெஃபனா' என்ற இரண்டு மெல்லிய கிரீடங்கள், ஒரே நாடாவால் இணைக்கப்பட்டவை, இருவர் தலையிலும் வைக்கப்பட்டு மூன்று முறை மாற்றப்படும். ஒரே கிண்ணத்தில் இருவரும் மது அருந்துவார்கள். 'மனைவி கணவனுக்கு அஞ்சி நடக்கட்டும்' என்று வேதத்திலிருந்து வாசிக்கும்போது பெண் மாப்பிள்ளையின் காலை மிதிப்பாள், சர்ச்சே சிரிக்கும்.

கடைசியில் ஏசாயா நடனம். பாதிரியார் முன்னே செல்ல, மணமக்கள் மேசையை மூன்று முறை சுற்றி வருவார்கள், எல்லாரும் அரிசி போடுவார்கள். அந்த நேரத்தில் என் அம்மா அழுதார். அதுவரை எதுவும் புரியாமல் நின்றவர், வலம் வருவதையும் அட்சதையையும் பார்த்ததும், "சரி, கல்யாணம் ஆயிடுச்சு" என்றார். ஒன்று மட்டும்: மாப்பிள்ளையின் நண்பர்கள் அரிசியைத் தூவமாட்டார்கள், வீசி அடிப்பார்கள். பகை இல்லை, வழக்கம்.

"இந்தக் கும்பாரோஸ் யார்? மாப்பிள்ளைத் தோழன்தானே?"

இல்லை, அதைவிடப் பெரியவர். மேலே சொன்ன மோதிரத்தையும் கிரீடத்தையும் மாற்றுவது அவர்தான் (பெண் என்றால் கும்பாரா). அவர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவராக இருக்க வேண்டும், அதனால் உங்கள் உயிர்த் தோழி இந்துவாக இருந்தால் சர்ச்சில் அந்த இடம் கிடைக்காது. கல்யாணத்தோடு அவர் வேலை முடியாது. பல இடங்களில் முதல் குழந்தைக்கு ஞானப்பெற்றோர் (ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்பவர்) ஆவதும் அவரே. அன்றிலிருந்து அவர் உறவினர். கும்பாரோஸை மறந்துவிட்டு விருந்து வைத்தால் மாமன் இல்லாமல் காதுகுத்து வைத்த மாதிரி.

"வரதட்சணை, சீர் ஏதாவது எதிர்பார்ப்பார்களா?"

எதிர்பார்க்கமாட்டார்கள். 'பிரீகா' என்ற வரதட்சணை ஒரு காலத்தில் இருந்தது, 1983இல் குடும்பச் சட்டத்தைத் திருத்தி ஒழித்தார்கள். பாட்டி தன் கையால் பின்னிய விரிப்புகளைத் தரலாம், வீடு தரலாம். உங்கள் பெற்றோர் நகை போட்டு அனுப்புவது அவர்கள் விருப்பம். அதைக் கணக்கெடுத்துக் காட்டவேண்டாம், சங்கடப்படுவார்கள்.

"மாமியாரை எப்படிக் கூப்பிடுவது? பேர் சொல்லலாமா?"

கிரேக்கத்திலும் நீ, நீங்கள் உண்டு: 'எசி', 'எசீஸ்'. முதல் சந்திப்பில் 'எசீஸ்' என்று ஆரம்பித்து, பெயருக்கு முன் 'கிரியா' சேருங்கள். சில நாளில் அவரே "என்ன எசீஸ், எசீஸ்! எசி என்று சொல்" என்பார். அப்போது மாறிவிட வேண்டும். நம் பழக்கத்தில் மரியாதைக்காக 'நீங்கள்' என்றே தொடர்ந்தால், இந்தப் பெண் இன்னும் எட்டியே நிற்கிறாள் என்று எடுத்துக்கொள்வார்கள். முதல் கேள்வியில் சொன்ன தடுமாற்றம் இதுதான். சில வீடுகளில் 'மாமா' என்று கூப்பிடச் சொல்வார்கள். பயப்படாதீர்கள், கிரேக்கத்தில் அது அம்மா.

"நான் சைவம். பட்டினிதானா?"

இல்லவே இல்லை. ஆர்த்தடாக்ஸ் நோன்பு நாட்கள் வருடத்தில் பாதிக்கு அருகில் வரும். அந்த நாட்களுக்கென்றே கிரேக்கச் சமையலில் ஒரு பெரிய பகுதி உண்டு. ஆலிவ் எண்ணெயும் தக்காளியும் ஊற்றிக் காய்கறியை மெல்ல வேகவைக்கும் 'லாதெரா' வகை: பீன்ஸ், பச்சைப் பட்டாணி, கூனைப்பூ, ஏன் நம் வெண்டைக்காயும்கூட. கீரைச் சோறு 'ஸ்பனகோரிசோ', பெரிய வெள்ளை மொச்சை 'கிகாந்தெஸ்', தக்காளிக்குள் அரிசி அடைத்த 'கெமிஸ்தா'. கெமிஸ்தாவை மட்டும் கேட்டுச் சாப்பிடுங்கள், கொத்துக்கறி போட்டும் செய்வார்கள். கறி இல்லாததை 'அநாதை கெமிஸ்தா' என்பார்கள்.

ஒரு பொறி இருக்கிறது. 'நிஸ்தீசிமோ', அதாவது நோன்புச் சாப்பாடு, என்று கேட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். இரத்தமில்லாதவை என்று இறால், கணவாய், ஆக்டோபஸ் எல்லாம் நோன்பில் அனுமதி. இறைச்சி, மீனோடு பாலும் முட்டையும் கிடையாது. அதனால் 'ஹோர்தோஃபாகோஸ்' (பெண் என்றாலும் அதே சொல்) என்று சொல்லி, மீனும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் என்பவர்கள் 'மோஸ்ஹாரி' என்ற சொல்லைத் தெரிந்துகொள்ளுங்கள். கொத்துக்கறி உருண்டைகளில் அது கலந்திருக்கும்.

ஈஸ்டர்தான் கடினமான நாள். நள்ளிரவுப் பூசை முடிந்து வந்ததும் ஆட்டுக்குடல், ஈரலில் செய்த 'மகிரிட்சா' சூப். மறுநாள் காலையிலிருந்து முற்றத்தில் முழு ஆடு சுழலும். வரமாட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். சிவப்பு முட்டைகளை மோதி உடைக்கும் விளையாட்டு, இனிப்பு ரொட்டி, சாலட் எல்லாம் இருக்கிறது. நான் இரண்டு வருடம் அவற்றோடு உட்கார்ந்தேன். மூன்றாம் வருடம் என் மாமியார் பெரிய பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பானை வைத்திருந்தார். காளானில் செய்த மகிரிட்சா, எனக்கு மட்டும். யாரும் அவரிடம் கேட்கவில்லை.

"மாமியார் சாவி வைத்திருக்கிறார். சொல்லாமல் வந்து சமையலறையை மாற்றி வைக்கிறார். பொறுத்துப் போகணுமா?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பொறுத்துப் போகாதீர்கள். அன்போடுதான் சொல்கிறேன்.

நான் பொறுத்துப் போனேன். மேல்மாடியில் இருந்தவர் நான் வேலைக்குப் போன நேரத்தில் வந்து, துணி மடித்து, டப்பாக்களில் சாப்பாடு வைத்து, அலமாரியை அவர் வசதிக்கு அடுக்கிவிட்டுப் போவார். ஊரில் நல்ல மருமகள் வாயைத் திறக்கமாட்டாள் என்று வளர்ந்தவள் நான். இரண்டு வருடம் சிரித்துக்கொண்டே இருந்தேன். அந்த இரண்டு வருடமும் அவர் தன் ஓரகத்தியிடம், "அந்தப் பெண்ணுக்கு எங்களைப் பிடிக்கவில்லை, பேசவே மாட்டேன் என்கிறாள்" என்று அழுதிருக்கிறார். எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நமக்கு மௌனம் பணிவு, அவர்களுக்கு அது கதவைச் சாத்துவது.

ஒரு நாள் ஊரிலிருந்து வந்த சாம்பார்ப் பொடியைக் கெட்டுப்போனது என்று நினைத்துக் கொட்டிவிட்டார். அன்று கத்திவிட்டேன். அவரும் கத்தினார். மறுநாள் பட்டை தூவிய அரிசிப் பாயசத்தோடு வந்து கதவைத் தட்டினார். அதுதான் அவர் முதல்முறை தட்டியது. நீங்கள் கத்தவேண்டும் என்று சொல்லவில்லை. நேராக, முகத்துக்கு நேர், அன்றைக்கே சொல்லிவிடுங்கள். கணவரை நடுவில் அனுப்பினால் சொன்னது நீங்களா அவரா என்று வாரக்கணக்கில் பேச்சு ஓடும். கூடவே அவருக்கென்று ஒரு நாளைக் கொடுங்கள், ஞாயிறு மதியச் சாப்பாடு மாதிரி. சாப்பாட்டு டப்பாக்களை மட்டும் மறுக்காதீர்கள். வெளியூரில் படிக்கும் பிள்ளைக்கு 'க்தெல்' பேருந்தில் சாப்பாட்டு டப்பா ஏற்றிவிடும் அம்மாக்கள் இவர்கள். டப்பாவைக் கழுவி, காலியாகத் திருப்பாமல் ஏதாவது போட்டுக் கொடுங்கள். அது நமக்கே தெரிந்த பழக்கம்தான்.

"சாப்பாட்டு மேஜையில் எல்லாரும் சண்டை போடுகிறார்கள். என்மேல் கோபமா?"

கோபமில்லை, அநேகமாக அரசியல் அல்லது கால்பந்து. மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசுவது இங்கே அவமதிப்பு ஆகாது.

சைகையில்தான் கவனம் வேண்டும். 'நே' என்றால் ஆமாம். தலையை மேலே தூக்கி 'ட்ஸ்' என்றால் இல்லை. நாம் பக்கவாட்டில் தலையாட்டுவது அவர்களுக்கு விளங்காது, வாயால் சொல்லுங்கள். ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையை ஒருவர் முகத்துக்கு நேரே காட்டவே காட்டாதீர்கள். 'மூன்ட்சா' என்ற அது கடுமையான வசை. 'நில்லுங்க', 'போதும்' என்பதற்கு நாம் சாதாரணமாகச் செய்யும் சைகை அது! ஐந்து என்று காட்டவேண்டியிருந்தால் உள்ளங்கையை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள்.

"என் பிறந்தநாளை மறந்துவிட்டார்கள், ஆனால் பெயர்நாள் என்று ஏதோ கொண்டாடுகிறார்களே?"

புனிதரின் பெயர் கொண்டவர்கள் அந்தப் புனிதரின் நாளைக் கொண்டாடுவார்கள். அக்டோபர் 26 திமித்ரிஸ், டிசம்பர் 6 நிக்கோஸ், மே 21 கோஸ்தாஸ், எலெனி. மாமனார் பெயர்நாளை உங்கள் கைப்பேசியில் குறித்துவையுங்கள். அன்று 'க்ரோனியா பொல்லா' என்று ஒரு அழைப்பு போதும். நேரில் போனால் இனிப்புக் கடையிலிருந்து ஒரு பெட்டி. வெறுங்கையோடு எந்த வீட்டுக்கும் போகவேண்டாம்.

"குழந்தைக்கு மாமனார் பெயர்தான் வைக்கணுமாம். எங்களுக்குத் தமிழ்ப் பெயர் ஆசை."

'பேரன்' என்ற நம் சொல்லே பெயர் கொண்டவன் என்பதிலிருந்து வந்ததுதானே. கிரேக்கர்கள் அந்த வழக்கத்தை இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்கள். முதல் மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர் என்பது பரவலான வழக்கம். மகளுக்கு இடத்துக்கு இடம் மாறும். கார்பதோஸ் தீவில் மூத்த மகள் தாய்வழிப் பாட்டியின் பெயரை வாங்குவாள், மரபுப்படி தாயின் சொத்தும் அவளுக்கே. ஞானஸ்நானம் வரை பெயர் சொல்லாமல் குழந்தையை 'பெபிஸ்', 'பெபா' என்றே அழைக்கும் வீடுகளும் உண்டு.

மாமனார் பல வருடமாக அந்தப் பெயருக்காகக் காத்திருப்பார். வேண்டாம் என்பது அவர் மனதில் ஆழமாகப் பதியும். இரண்டு பெயர் வைக்கலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்: இரண்டு தாத்தாக்களின் பெயரும் என் மகனிடம் இருக்கின்றன. இதைக் கருவுற்ற பிறகு பேசாதீர்கள், கல்யாணத்துக்கு முன்பே பேசுங்கள்.

"எனக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயரே இல்லை. கணவர் பெயருக்கு மாறவேண்டுமா?"

மாறவேண்டியதில்லை. மேலே வரதட்சணை பற்றிச் சொன்ன அதே 1983 திருத்தத்தின்படி, கிரேக்கப் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருக்கிறார்கள். உங்கள் மாமியாரின் அடையாள அட்டையிலும் வேறு குடும்பப் பெயர் இருக்கலாம், வியக்காதீர்கள். குழந்தைகளுக்கு யார் குடும்பப் பெயர், அல்லது இரண்டுமா என்பதைத் திருமணத்துக்கு முன் இருவரும் சேர்ந்து எழுதித் தரவேண்டும்.

கிரேக்கப் படிவங்கள் எல்லாவற்றிலும் குடும்பப் பெயர், தந்தை பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். நமக்கு இரண்டிலும் அப்பா பெயரே வரும். எழுத்தர் தவறு என்று அடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே எல்லா மொழிபெயர்ப்பிலும் எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். கல்யாணத்தை 40 நாட்களுக்குள் பதிவாளரிடம் பதியவேண்டும், சர்ச் கல்யாணமானாலும்.

"எங்க அம்மா அப்பா அத்தை மகன், மாமன் மகள். அதைச் சொன்னதும் மேஜையே அமைதியாகிவிட்டது. மறைத்திருக்கணுமா?"

மறைக்காதீர்கள். கிரேக்கச் சட்டத்தில் உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் மணக்க முடியாது. அவர்கள் மொழியில் கசின்கள் எல்லாரும் ஒன்றுதான், முறைப்பெண் என்ற வேறுபாடு கிடையாது. அதனால்தான் அந்த அமைதி.

நான் எப்படி விளக்கினேன் என்று சொல்கிறேன். ஞானப்பெற்றோரின் பிள்ளையும் அவர்கள் ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளையும் மணக்க சர்ச் அனுமதிக்காது. இரத்த உறவே இல்லாத அவர்கள் அங்கே சகோதரர்கள். "நீங்கள் அவர்களைச் சகோதரர் என்கிறீர்கள், நாங்கள் சித்தி பிள்ளைகளையும் பெரியப்பா பிள்ளைகளையும் சகோதரர் என்கிறோம், அத்தை பிள்ளைகளை அல்ல" என்றேன். மாமனார் சிறிது யோசித்துவிட்டுத் தலையசைத்தார். ஏற்றுக்கொண்டாரா தெரியாது, புரிந்துகொண்டார்.

"திருஷ்டி நம்பிக்கை உண்டா?"

உண்டு. 'மாத்தி' என்பார்கள், கண் என்று பொருள். குழந்தையைப் புகழ்ந்தால் உடனே 'ஃப்து, ஃப்து, ஃப்து' என்று துப்புவது போலச் செய்வார்கள். தண்ணீரில் எண்ணெய்ச் சொட்டு விட்டுக் கழிக்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு குடும்பத்திலும் இருப்பார். இங்கே ஒரு விளக்கமும் தேவையில்லை, உங்கள் பாட்டியும் அவர்கள் பாட்டியும் பார்த்துக்கொள்வார்கள்.

"துக்க வீட்டில் நான் என்ன செய்யணும்? தூரத்தில் நிற்பதா?"

தூரத்தில் நிற்காதீர்கள். கறுப்பு உடுத்திப் போங்கள். சொல்லத் தெரியாவிட்டால் 'சோயி சே சாஸ்' என்றால் போதும், 'உங்களுக்கு ஆயுள் இருக்கட்டும்' என்று பொருள். அடக்கத்துக்குப் பிறகு காபியும் பிராந்தியும் கொடுப்பார்கள். தீட்டு, குளியல் என்ற கணக்கு அங்கே இல்லை, அவர்கள் எதிரில் அதைப் பேசவும் வேண்டாம்.

40ஆம் நாள் நினைவுப் பூசைக்கு 'கோலிவா' செய்வார்கள். வேகவைத்த கோதுமை, மாதுளை முத்து, திராட்சை, வறுத்த மாவு, மேலே சர்க்கரை. இப்போது கடையிலும் செய்து தருகிறார்கள். என் மாமனார் இறந்தபோது மாமியார் வீட்டிலேயே செய்யவேண்டும் என்றார். கோதுமையை முந்தின நாளே வேகவைத்து, வெள்ளைத் துணியில் இரவு முழுக்க உலர்த்த வேண்டும், ஈரம் இருந்தால் சர்க்கரை கரைந்து மேலே எழுதும் பெயரெழுத்து அழிந்துவிடும். துணியின் ஒரு முனையை நாத்தனாரிடமும் மறு முனையை என்னிடமும் கொடுத்தார். அந்த வேலைக்கு உங்களைக் கூப்பிட்டால் போங்கள். கையில் மோதிரத்தைக் கழற்றிவைத்துவிட்டுப் போங்கள், கோதுமை ஒட்டிக்கொள்ளும்.